மெஷின் வந்ததால் ஆள் போனார்களா, ஆள் போனதால் மெஷின் வந்ததா?

தை மாதம், சம்பா அறுவடை நேரம். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழும். "மெஷின் வந்துச்சு, அறுப்புக்குப் போன பொம்பளைங்களுக்கு வேலை இல்லாம போச்சு" என்பார் ஒருவர். பக்கத்தில் இருப்பவர் விடமாட்டார். "ஆள் கிடைச்சா நான் எதுக்கு மெஷினைக் கூப்பிடப் போறேன்? பசங்க எல்லாம் திருப்பூர், சென்னைன்னு போயாச்சு. அதனாலதான் மெஷின்."

இரண்டு பேருமே கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஊரில் மெஷின் வந்தது உண்மை. அறுவடைக்குப் போகும் ஆள் குறைந்ததும் உண்மை. எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் தகராறு. புத்தாக்கத்தையும் தொழிலாளர் சந்தையையும் ஆராய்கிற பொருளாதார ஆய்வாளர் என்னதான் செய்கிறார் என்று கேட்டால், இப்படிப்பட்ட தகராறுகளைத் தீர்த்துவைக்கப் பார்க்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிந்த எளிய பதில்.

பெயர்தான் கொஞ்சம் பெரியது. புத்தாக்கம் என்றால் புது மெஷின், புது மென்பொருள், வேலையைச் செய்யும் புது முறை எல்லாமே சேர்த்தி. தொழிலாளர் சந்தை என்றால் வேலை தேடுகிறவர்களும் வேலை கொடுக்கிறவர்களும் சந்தித்துக் கூலி முடிவாகும் இடம். கொள்கை என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் அரசு செய்கிற காரியம்: குறைந்தபட்சக் கூலி, பயிற்சித் திட்டம், வேலை இழந்தவருக்கு உதவித்தொகை, ஆராய்ச்சி செய்யும் கம்பெனிக்கு வரிச்சலுகை.

சரி, டீக்கடைத் தகராறுக்கே வருவோம். மெஷின் வருவதற்கு முன்னால் இத்தனை பேர் அறுவடைக்குப் போனார்கள், வந்த பின்னால் இத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதாதா? போதாது. அந்தப் பத்து வருடத்தில் மெஷின் மட்டுமா மாறியது? நூறு நாள் வேலை வந்தது. பனியன் கம்பெனிகள் ஊருக்கே பஸ் அனுப்பி ஆள் எடுத்தன. பிள்ளைகள் காலேஜுக்குப் போனார்கள். சில வருடம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. எண்ணிக்கை குறைந்ததில் எதன் பங்கு எவ்வளவு என்று வெறும் எண்ணிக்கை சொல்லாது.

நமக்கு உண்மையில் வேண்டியது, அதே ஊர், அதே வருடம், ஆனால் மெஷின் மட்டும் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற தகவல். அப்படி ஓர் ஊர் எங்கும் கிடையாது. நடக்காத ஒன்றை யாரும் அளக்க முடியாது. அதனால் ஆய்வாளர் அதற்குப் பதிலாளாக நிற்கக்கூடிய இன்னோர் ஊரைத் தேடுகிறார். அது நம் ஊரைப் போலவே இருக்க வேண்டும், மெஷின் மட்டும் வராமல் இருக்க வேண்டும். இதில் இன்னொரு நிபந்தனையும் உண்டு, அதுதான் கடினமானது. ஓர் ஊருக்கு மெஷின் வந்ததற்கும் மற்றதற்கு வராததற்கும் உள்ள காரணம், ஆள் கிடைப்பது கிடைக்காததோடு சம்பந்தப்பட்டதாக இருக்கக் கூடாது. ஆள் பற்றாக்குறை உள்ள ஊருக்குத்தான் மெஷின் முதலில் வந்தது என்றால், அந்த ஒப்பீடே பழுது.

இந்த ஒப்பீட்டு முறைக்குப் பெயர்பெற்ற உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. 1992 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பென்சில்வேனியாவில் கூலி மாறவில்லை. பொருளாதார ஆய்வாளர்களான டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரண்டு பக்கமும் சேர்த்து 410 துரித உணவுக் கடைகளுக்கு, உயர்வுக்கு முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும், எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டார்கள். கூலி ஏறினால் ஆளைக் குறைப்பார்கள் என்பதுதான் பாடப்புத்தகம் சொன்னது. நியூ ஜெர்சியில் அப்படிக் குறையவில்லை. அந்த முடிவைப் பற்றி இன்றுவரை வாதம் நடக்கிறது. ஆனால் எல்லைக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் பார்க்கும் அந்த யோசனை நிலைத்துவிட்டது. 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது க்ரூகர் உயிரோடு இல்லை, 2019இலேயே இறந்துவிட்டார்.

கூலியை உயர்த்த ஒரு சட்டம் இருக்கிறது, அதற்கு ஒரு தேதி இருக்கிறது, ஒரு எல்லை இருக்கிறது. மெஷினுக்கு அப்படித் தேதியும் எல்லையும் எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் கிடைக்காது, மெதுவாக ஊர்ந்துதான் வரும். அதனால்தான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கதை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ட்ரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு ஆபரேட்டர் என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஒரு காலத்தில் போனை எடுத்தால் முதலில் ஒரு பெண்ணின் குரல் கேட்கும். யாரோடு பேச வேண்டும் என்று சொன்னால், அவர் தன் முன்னால் இருக்கும் பலகையில் ஒரு கம்பியை எடுத்துச் சரியான துளையில் செருகுவார். அப்போதுதான் இணைப்பு கிடைக்கும். 1900களின் தொடக்கத்தில் அமெரிக்க இளம்பெண்களுக்கு இருந்த பெரிய வேலைகளில் இது ஒன்று. பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது, கல்யாணம் ஆகாதவர்கள்.

அந்த வேலையை மெஷினே செய்யும் வழி 1890களிலேயே வந்துவிட்டது. ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் கான்சாஸ் சிட்டியில் இறுதிச் சடங்குத் தொழில் நடத்தியவர். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்ற கோபத்தில்தான் தானியங்கி இணைப்பைக் கண்டுபிடித்தார் என்று வெகுகாலமாகச் சொல்கிறார்கள். 1891இல் காப்புரிமை கிடைத்தது. அடுத்த வருடமே இண்டியானாவின் லா போர்ட் ஊரில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் திறந்தது. ஆனால் நாட்டின் பெரிய டெலிபோன் நிறுவனமான ஏடி அண்ட் டி அதைக் கையில் எடுக்க இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கண்டுபிடித்த அன்றைக்கே வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒரு பொருள் கண்டுபிடிக்கப்படுவதற்கும் அது ஆளின் இடத்தைப் பிடிப்பதற்கும் நடுவில் பல வருடம் ஓடலாம்.

1920க்கும் 1940க்கும் இடையில் அந்த நிறுவனம் தன் வலைப்பின்னலில் பாதிக்கு மேல் தானியங்கியாக மாற்றியது. ஒரு நகரத்தை மாற்றுவதென்றால் மொத்தமாக மாற்றுவார்கள். நேற்று இரவுவரை ஆபரேட்டர், இன்று காலை முதல் பேசுகிறவரே எண்ணைச் சுழற்றும் டயல். அதுவும் எல்லா நகரமும் ஒரே வருடம் அல்ல. ஒன்று 1922இல் என்றால் இன்னொன்று 1931இல், மற்றொன்று 1938இல்கூட இருக்கலாம். மெஷினுக்குத் தேதியும் எல்லையும் கிடைத்துவிட்டன!

ஜேம்ஸ் ஃபைகன்பாம், டேனியல் கிராஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய செய்தித்தாள்களிலிருந்தும் நிறுவனத்தின் ஆவணங்களிலிருந்தும் எந்த நகரம் எப்போது மாறியது என்று தேடி எடுத்தார்கள். மாறிய நகரங்களை, அதே சமயத்தில் இன்னும் மாறாத நகரங்களோடு ஒப்பிட்டார்கள். அவர்களுடைய கட்டுரை 2024இல் வெளியானது.

அவர்களுக்குக் கிடைத்த பதில் ஒன்று அல்ல, இரண்டு. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் பதில், அடுத்து வந்த பெண்களைப் பற்றியது. ஒரு நகரம் டயலுக்கு மாறியதும் அங்கே இளம்பெண்களுக்கு இருந்த ஆபரேட்டர் வேலையில் பெரும்பகுதி ஒரேயடியாகப் போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு இருபது வயதைத் தொட்ட பெண்களில் வேலைக்குப் போகிறவர்களின் பங்கு குறையவில்லை. டைப்பிஸ்ட், செயலாளர் போன்ற அலுவலக வேலைகளுக்கும் உணவகம் போன்ற சேவை வேலைகளுக்கும் போனார்கள். ஆபரேட்டர் வேலை இருந்த காலத்தில் பிறக்காமல் போனோமே என்று அவர்கள் வருந்தியிருக்க வாய்ப்பில்லை.

இரண்டாவது பதில், அன்றைக்கு அந்தப் பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்களைப் பற்றியது. பத்து வருடம் கழித்துப் பார்த்தால், மாறாத நகரத்து ஆபரேட்டர்களைவிட இவர்களில் அதிகம் பேர் குறைந்த சம்பள வேலையில் இருந்தார்கள், அல்லது வேலையிலேயே இல்லை. மொத்தக் கணக்கில் எந்தப் பள்ளமும் தெரியவில்லை. பள்ளத்தில் விழுந்தவர்கள் இருந்தார்கள்.

"மெஷின் வேலையை அழிக்குமா, உருவாக்குமா?" என்று மேடைதோறும் கேட்கிறோம். இந்த ஆய்வைப் படித்த பிறகு அந்தக் கேள்வியே எனக்கு அரைகுறையாகப் படுகிறது. யாருக்கு என்ற சொல் அதில் இல்லை. தொழில் கற்று, அதில் கை பழகி, வயதும் கொஞ்சம் ஏறிய பிறகு அந்தத் தொழில் போவது ஒன்று. தொழில் தேடும் வயதில் ஒரு கதவு மூடியிருக்க, அடுத்த கதவுக்குப் போவது இன்னொன்று. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் முதல் ஆளின் கஷ்டம் கணக்கில் கரைந்துபோகும்.

அந்த இரண்டாவது பதிலைக் கண்டுபிடிக்க அவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும், ஆய்வாளரின் நாள் இப்படிப்பட்ட வேலையில்தான் கழிகிறது. ஒரு கணக்கெடுப்பில் ஆபரேட்டராக இருந்த பெண்ணை அடுத்த கணக்கெடுப்பில் தேடிப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் தாள்களை 72 வருடம் கழித்து எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். 1940 கணக்கெடுப்பு 2012இல் திறந்தது. ஆகவே பெயர்கள் கையில் உண்டு. ஆனால் கல்யாணமானதும் பெண்ணின் குடும்பப் பெயர் மாறிவிடும். 1920இல் ஒரு பெயரில் இருந்தவர் 1930இல் வேறு பெயரில் இருப்பார். எப்படிப் பிடிப்பது? பேரப்பிள்ளைகள் தங்கள் குடும்ப வரலாற்றைத் தேடிச் சேர்த்துவைத்த வம்சாவளிப் பதிவுகளைக் கொண்டுதான் பிடித்தார்கள். பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரை ஆசையாக எழுதிவைத்த யாரோ ஒரு பேத்தி, தனக்குத் தெரியாமலே ஒரு பொருளாதார ஆய்வுக்கு உதவியிருக்கிறாள்.

நாம் எல்லோரும் அறிந்த இன்னொரு மெஷின், ஏடிஎம். 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்ட் பகுதியில் பார்க்லேஸ் வங்கி வாசலில் வந்தது. அதை உருவாக்கியவராக அறியப்படும் ஜான் ஷெப்பர்ட் பாரன் பிறந்தது நம் ஷில்லாங்கில். பணம் எண்ணிக் கொடுக்கும் காசாளர்கள் இனி எதற்கு என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் ஏடிஎம்கள் லட்சக்கணக்கில் பெருகிய காலத்தில் காசாளர் எண்ணிக்கை சரியவில்லை, கொஞ்சம் கூடவும் செய்தது. ஜேம்ஸ் பெசன் என்ற பொருளாதார ஆய்வாளர் இதற்குச் சொன்ன விளக்கம் நன்றாக இருக்கும். 1988க்கும் 2004க்கும் இடையில் நகரக் கிளை ஒன்றில் இருந்த காசாளர்கள் சுமார் 20 பேரிலிருந்து 13 பேராகக் குறைந்தார்கள். அதனால் ஒரு கிளையை நடத்தும் செலவும் குறைந்தது. செலவு குறைந்ததும் வங்கிகள் இன்னும் நிறையக் கிளைகள் திறந்தன. கிளைக்கு ஆள் குறைவு, கிளைகளோ அதிகம்.

இதை மட்டும் சொல்லி நிறுத்துகிற கட்டுரைகள் நிறைய உண்டு. நான் அப்படி நிறுத்த மாட்டேன். அதே காலத்தில் அங்கே வங்கிகள் மாநிலம் தாண்டிக் கிளை திறக்க 1994இல் சட்டம் வழிவிட்டது. கிளைகள் பெருகியதில் ஏடிஎம்மின் பங்கு எவ்வளவு, சட்டத்தின் பங்கு எவ்வளவு? டீக்கடைத் தகராறு இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள். அப்புறம் செல்போனிலேயே வங்கி வேலை நடக்கத் தொடங்கியதும் அங்கே காசாளர் வேலை குறைந்துகொண்டேதான் வருகிறது. முதல் மெஷின் எடுக்காத வேலையை அடுத்தது எடுத்தது.

இனி கொள்கைக்கு வருவோம். பலகை முன்னால் இருந்த அந்தப் பெண்ணுக்கு அரசு என்ன செய்யலாம்? பயிற்சி கொடுக்கலாம் என்பது எல்லோர் வாயிலும் முதலில் வரும். அதிகம் பேசப்படாத இன்னொரு யோசனை உண்டு: சம்பளக் காப்பீடு. பழைய வேலை போய், குறைந்த சம்பளத்தில் புது வேலைக்குப் போனால், அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கை அரசு சில காலம் தரும். சும்மா இருப்பதற்கு அல்ல, வேலைக்குப் போனதற்குக் கொடுக்கும் பணம் இது. இறக்குமதிப் போட்டியால் வேலை இழந்தவர்களுக்காக அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படி ஒரு திட்டம் வந்தது. வருடத்துக்கு 40,000 டாலர் வாங்கியவர் 30,000 டாலர் வேலைக்குப் போனால் வித்தியாசம் 10,000. அதில் பாதியான 5,000 டாலரை அரசு தரும். இரண்டு வருடம்வரை கிடைக்கும், மொத்தம் 10,000 டாலருக்கு மேல் போகாது.

இந்தத் திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வயது 50 ஆகியிருக்க வேண்டும். வேலை போன 49 வயதுக்காரருக்கு இது கொஞ்சம் கொடுமைதான். ஆனால் ஆய்வாளருக்கு இங்கே ஒரு வழி திறக்கிறது. 49 வயதில் வேலை இழந்தவருக்கும் 50 வயதில் இழந்தவருக்கும் திறமையிலோ உடல் தெம்பிலோ அப்படி என்ன வித்தியாசம் இருந்துவிடும்? ஒன்றுமில்லை. ஒருவருக்குக் காப்பீடு உண்டு, மற்றவருக்கு இல்லை, அவ்வளவுதான். நியூ ஜெர்சிக்கு ஆறு எல்லையாக இருந்தது போல இங்கே ஒரு பிறந்தநாள் எல்லையாகிவிட்டது. அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் பார்த்த ஆய்வில், காப்பீடு உள்ளவர்கள் சீக்கிரமாக வேலைக்குத் திரும்பினார்கள் என்றும், அடுத்து வந்த வருடங்களில் அவர்களுடைய மொத்தச் சம்பாத்தியமும் கூடியிருந்தது என்றும் தெரிந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் மாதங்கள் குறைந்ததே முக்கியக் காரணம். இப்படி ஒரு நல்ல முடிவு கிடைத்தும், அந்தத் திட்டத்துக்கான சட்ட அனுமதி 2022 நடுவில் முடிந்துபோனது. புதியவர்களைச் சேர்க்க வழியில்லை. ஆய்வாளர் அளந்து காட்டலாம், முடிவெடுப்பது வேறு இடத்தில். இதை ஏற்றுக்கொள்ளப் பழகுவதும் அந்த வேலையில் சேர்த்திதான் போலிருக்கிறது.

இதுவரை மெஷின் வந்த பிறகு நடப்பதைப் பேசினோம். மெஷினைக் கண்டுபிடிப்பவர் எங்கிருந்து வருகிறார்? அதுவும் இதே துறையின் கேள்விதான். தில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்கா போன ராஜ் செட்டி, இன்னும் நான்கு ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைத் தேடினார். காப்புரிமைப் பதிவுகளை வருமான வரிப் பதிவுகளோடு இணைத்து, 12 லட்சம் கண்டுபிடிப்பாளர்களின் சிறுவயதுக் குடும்பத்தையும் ஊரையும் பார்த்தார்கள். வருமானத்தில் மேல்தட்டு ஒரு சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, கீழ்ப்பாதிக் குடும்பங்களின் பிள்ளைகளைவிடக் கண்டுபிடிப்பாளர் ஆகும் வாய்ப்பு பத்து மடங்கு.

பணக்காரப் பிள்ளைகள் நன்றாகப் படித்திருப்பார்கள் என்று சொல்லத் தோன்றும். அதையும் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண் அந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட விளக்கவில்லை. கணக்கில் சமமாக இருந்த பிள்ளைகளிலும் ஏழைக் குழந்தை பின்தங்கியது. அதிகம் விளக்கியது, சிறுவயதில் யாரைப் பார்த்து வளர்ந்தார்கள் என்பதுதான். ஒரு குறிப்பிட்ட தொழில்நுட்பத்தில் பெண் கண்டுபிடிப்பாளர்கள் நிறைய இருக்கும் ஊரில் வளர்ந்த சிறுமி, பெரியவளாகி அதே தொழில்நுட்பத்தில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடியது. அங்கே ஆண் கண்டுபிடிப்பாளர்கள் நிறைய இருந்தது அவளுக்கு அப்படி உதவவில்லை. கண்டுபிடிப்பைப் பெருக்க வேண்டும் என்றால் உடனே வரிச்சலுகை பற்றித்தான் பேசுகிறார்கள். அந்தச் சிறுமிக்கு ஒரு அக்காவைக் காட்டுவதைப் பற்றியும் அதே அளவு பேச வேண்டும் என்பது என் கட்சி.

இந்த வேலைக்கு வர விரும்பும் மாணவர்களுக்கு: கணக்கு வேண்டும், புள்ளியியல் வேண்டும், கொஞ்சம் கணினி நிரல் எழுதவும் தெரிய வேண்டும். ஆனால் எந்த எல்லைக்கோட்டில் போய் நிற்பது என்று தெரிந்துகொள்ள, ஊரையும் சட்டத்தையும் பழைய செய்தித்தாளையும் பொறுமையாகப் படிக்கும் குணம் வேண்டும். அது புள்ளியியல் வகுப்பில் கிடைக்காது.

டீக்கடைத் தகராறு இன்னும் பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்க எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். எந்த ஊருக்கு எந்த வருடம் முதல் அறுவடை மெஷின் வந்தது என்ற பட்டியல் வேண்டும். வந்ததற்கு ஆள் பஞ்சத்தைத் தவிர வேறு காரணம் உண்டா என்று தெரிய வேண்டும். வயலுக்கு வண்டி இறங்கும் பாதை இருந்ததா, பக்கத்து ஊரில் யாராவது மெஷின் வாங்கி வாடகைக்கு விட்டாரா, இப்படி ஏதாவது. நாட்டு அளவில் எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பு இவ்வளவு கீழே, ஒரு தனி ஊர்வரை இறங்காது. ஊர் ஊராக நடந்து கேட்கத்தான் வேண்டும். முன்பு அறுப்புக்குப் போன பெண்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, மெஷின் நல்லதா கெட்டதா என்பது அல்ல. "மெஷின் வந்த வருஷம் உங்களுக்கு என்ன வயசும்மா?"